மூட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது: வீடியோவின் நிறங்களைப் பட்டையாக்குவது பற்றி

ஒரு வீடியோவில் வரும் நிறங்களை எல்லாம் ஒரே படத்தில் இடமிருந்து வலமாக அடுக்கிவிடலாம். மூவி பார்கோடு என்று சொல்வார்கள். சில விநாடிகளுக்கு ஒரு ஃப்ரேம் எடுத்து, அதிலிருக்கும் எல்லா நிறத்தையும் கலந்து ஒரே நிறமாக்கி, அதை ஒரு மெல்லிய கோடாக நிறுத்த வேண்டும். அடுத்த ஃப்ரேமுக்கு அடுத்த கோடு. இரண்டு மணி நேரப் படம், விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் மொத்தம் 1,72,800 ஃப்ரேம் வரும். ஐந்து விநாடிக்கு ஒன்று என்று எடுத்தால் 1,440 கோடுகள், சாதாரண மானிட்டரின் அகலத்துக்குள் அடங்கிவிடும். படம் எங்கே இருட்டுக்குள் போகிறது, எங்கே வெயிலுக்கு வருகிறது, எந்தப் பாட்டு செவ்வந்தி நிறத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

கொடைக்கானலில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். நாள் முழுக்க நிறத்தோடுதான் புழக்கம். இந்தப் பட்டைகளை நான் வேலைக்கும் பயன்படுத்துகிறேன், வேலை இல்லாத நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையைப் பார்க்கவும் பயன்படுத்துகிறேன். இரண்டிலும் பழகிய பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வழக்கமான முறை ஒரு ஃப்ரேமை முழுசாகக் கரைத்து ஒரே நிறமாக்கிவிடுகிறது. அப்படிச் செய்யாதீர்கள். அகலத்தை மட்டும் கரையுங்கள், உயரத்தை விட்டுவையுங்கள். பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

முதலில் இந்தப் பட்டையைச் செய்யும் ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு சாதாரண எச்டி ஃப்ரேம் 1920 பிக்சல் அகலம், 1080 உயரம்; மொத்தம் 20,73,600 பிக்சல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஆக ஒரு ஃப்ரேமில் 62 லட்சம் எண்களுக்கு மேல் இருக்கின்றன. ஒரே நிறமாகச் சராசரி எடுத்தால் மிஞ்சுவது மூன்றே மூன்று எண். அகலத்தை மட்டும் சுருக்கினால், அதாவது ஒவ்வொரு படுக்கை வரிசையையும் தனித்தனியாகச் சராசரி எடுத்தால், 1080 பிக்சல் உயரத்தில் ஒரு நெட்டைக் கோடு மிஞ்சும், 3,240 எண்கள். 62 லட்சத்தை 3 ஆக்குவதற்கும் 3,240 ஆக்குவதற்கும் ஸ்கிரிப்டில் ஒரு வரிதான் மாறும். கிடைக்கும் படம் வேறு ஜாதி.

இதை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளை மட்டும் வைத்தே செய்யலாம், நிரல் எழுத வேண்டியதில்லை. எத்தனை விநாடிக்கு ஒரு ஃப்ரேம் என்று சொல்லும் ஃபில்டர் ஒன்று, அளவைச் சுருக்கும் ஃபில்டர் ஒன்று, சுருங்கியதை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும் டைல் ஃபில்டர் ஒன்று, மூன்றையும் வரிசையாகக் கோர்த்தால் போதும். ஆனால் சுருக்குவதற்கு முன்னால் ஆர்ஜிபி வடிவத்துக்கு, அதாவது மேலே சொன்ன சிவப்பு, பச்சை, நீல எண்களுக்கு, மாற்றிவிடுங்கள். நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் சேமித்தாலும், நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்றுதான் சேமிக்கின்றன. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிக்கிற அளவுக்கு நிற வித்தியாசத்தின் நுணுக்கத்தைப் பிடிப்பதில்லை, அதனால் இப்படி மிச்சம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு பிக்சல் அகலமுள்ள கோட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

நான் பைத்தான் நிரல்மொழியில், ஓப்பன்சிவி என்ற படங்களைக் கையாளும் நூலகத்தை வைத்துச் செய்கிறேன், கைக்கு வசதியாக இருக்கிறது. அதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஓப்பன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் தரும். அதைத் திருப்பிப் போடாவிட்டால் மஞ்சள் பூசிய மணப்பெண் நீலமாக வருவாள். அப்புறம், படத்தைச் சுருக்கும் கட்டளை தானாகத் தேர்ந்துகொள்ளும் முறை எல்லாப் பிக்சலையும் கணக்கில் எடுப்பதில்லை, நடுவிலிருந்து ஓரிரண்டு பிக்சலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதையே விடையாகக் கொடுத்துவிடும்; பரப்பளவுச் சராசரி எடுக்கும் முறையை நாமேதான் கேட்டு வாங்க வேண்டும், அல்லது நம்பை (NumPy) என்ற கணக்கு நூலகத்தை வைத்து நேரடியாகச் சராசரி எடுக்க வேண்டும். மூன்றாவது, மொபைலில் எடுத்த வீடியோவாக இருந்தால் ஃப்ரேம் எண்ணை நம்பக் கூடாது. மொபைல்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும், அதனால் நூறு ஃப்ரேமுக்கு ஒன்று என்று எடுத்தால் சில இடங்களில் காலம் இழுபடும், சில இடங்களில் நெருங்கிவிடும். ஒவ்வொரு ஃப்ரேமின் நேரத்தை மில்லிவிநாடியில் கேட்டு, அதை வைத்து எடுப்பதுதான் சரி.

கல்யாண வீடியோவுக்கு வருகிறேன். முழு வீடியோவையும் பட்டையாக்கிப் பார்த்தால் சடங்குகளை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். நலங்கு முழுக்க மஞ்சள். மணவறை சிவப்பும் பொன்னிறமும், நடுவில் ஓமப் புகை எழும்போது எல்லாம் ஒரு கணம் வெளுத்துத் திரும்பவும் கெட்டியாகும். ரிசப்ஷனில் பின்னால் எல்இடி சுவர் இருந்துவிட்டால் ஊதாவும் கருநீலமும் ரோஸும் மாறி மாறி வரும், அந்தப் பகுதியில் மனித முகத்தின் நிறம் இருந்த இடமே தெரியாது. பந்தியைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே நிறச் சராசரியில் பந்தி மங்கலான பழுப்பாக வந்து நிற்கும், அடையாளமே தெரியாது. உயரத்தை வைத்துக்கொண்டு எடுத்தால் கீழ்ப்பாதி முழுவதும் வாழையிலைப் பச்சை ஒரு தடித்த வரியாக ஓடும், அதற்கு மேலே வேட்டி சட்டை வெள்ளை, அதற்கும் மேலே மண்டபத்துச் சுவரின் நிறம். பரிமாறுபவர் கேமராவுக்குக் குறுக்கே போன இடங்களில் மட்டும் அந்தப் பச்சை அறுந்து அறுந்து இருக்கும்.

வேலைக்கு இது எப்படி உதவுகிறது என்றால், இரண்டு கேமராக்காரர்கள் எடுத்ததை மாற்றி மாற்றி வெட்டி ஒட்டியிருப்போம். இரண்டு கேமராவிலும் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) ஒன்றாக இல்லாவிட்டால், டைம்லைனில் ஓட்டிப் பார்க்கும்போது கண் சமாளித்துக்கொள்ளும். ஐந்தாறு நிமிடத்தில் பழகியும் போய்விடும். பட்டையாக்கிப் பார்த்தால் அந்த இடம் சீப்புப் பல் போல ஒன்று விட்டு ஒன்று நீலம், மஞ்சள், நீலம், மஞ்சள் என்று நிற்கும். எந்த நிமிடத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அளந்து பார்த்துக் கலர் கரெக்‌ஷன் செய்துவிடலாம். ஃபைனல் ஃபைலை அனுப்புவதற்கு முன் ஒரு தடவை இப்படிப் பார்த்துவிடுவது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

ஆனால் உயரம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கல்யாணங்கள் எனக்குச் சொல்லவில்லை. மலைதான் சொன்னது.

எங்கள் வீடு வில்பட்டிப் பக்கம். ஜன்னலுக்குக் கீழே படிப்படியாக இறங்கும் தோட்டங்கள், அதற்கும் அப்பால் பள்ளத்தாக்கு, எதிரே மலை, மேலே வானம். இது ஃப்ரேமுக்குள் கீழிருந்து மேலாக இதே வரிசையில் அடுக்கி வைத்தது மாதிரி விழும். பழைய மொபைல் ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டி, சார்ஜரில் போட்டு, நிமிடத்துக்கு ஒரு ஃப்ரேம் என்று டைம்லேப்ஸ் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு 1,440 நிமிடம், ஆக 1,440 கோடு. இரண்டு மணி நேரப் படத்துக்குக் கிடைத்த அதே அகலம்.

ஒரே நிறச் சராசரியில் கொடைக்கானலின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்றால், கருப்பு, கருநீலம், சாம்பல் கலந்த பச்சை, வெளிர்சாம்பல், மறுபடி கருநீலம், கருப்பு. அழகாகத்தான் இருக்கும். பத்து நாள் பட்டையை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் இன்னும் அழகாக இருக்கும். மதியத்துக்கு மேல் மூட்டம் வந்து மூடிய நேரம் எல்லா நாளிலும் வெளிர்சாம்பலாகத் தெரியும்: ஒரு நாள் மூன்று மணிக்கு, ஒரு நாள் ஒரு மணிக்கு, ஒரு நாள் காலையிலிருந்தே விடவில்லை. அவ்வளவுதான். மூட்டம் வந்தது என்று மட்டும் அந்தப் பட்டை சொல்லும்.

அதே நாட்களை உயரத்தோடு எடுத்துப் பாருங்கள். பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் மூட்டம் முதலில் படத்தின் நடுவில், பள்ளத்தாக்கு இருக்கும் வரிசைகளில், ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தொடங்கும். நேரம் நகர நகர அது மேலும் கீழும் விரியும். மேல்நோக்கிப் போய் எதிர்மலையை விழுங்கும், கீழ்நோக்கி வந்து எங்கள் தோட்டங்களைத் தொடும். படுக்க வைத்த முக்கோணம், முனை இடது பக்கம். எதிர்மலையைத் தாண்டி மேலேயிருந்து இறங்கும் மூட்டம் அப்படி இல்லை. வானத்துக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கூரான கோடு முதலில் கரையும், பிறகு வெள்ளை ஒரே சாய்வாகக் கீழே இறங்கும். சரிவு செங்குத்தாக இருந்தால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். படுத்துக் கிடந்தால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று ஆற அமர இறங்கியிருக்கிறது. இரண்டுக்கும் சராசரி ஒரே வெளிர்சாம்பல்தான். ஏறியதா இறங்கியதா, ஓடியதா தவழ்ந்ததா என்ற கேள்விகளுக்கு எல்லாம் பதில் உயரத்தில் இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

காலை வெயிலும் இப்படித்தான். சூரியன் ஏறும்போது எதிர்மலையின் உச்சியில் முதலில் மஞ்சள் விழும், பிறகு அது மெதுவாக இறங்கி இறங்கிக் கடைசியில்தான் பள்ளத்துத் தோட்டங்களுக்கு வரும். பட்டையில் அது ஒரு சாய்ந்த எல்லை: இடது பக்கம் நீலநிழல், வலது பக்கம் வெயில். மார்கழி, தை மாதத்தில் நிழலில் கிடக்கும் தோட்டத்தில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தால், அந்த எல்லை வந்து தொடும்வரை கீழ் வரிசைகளில் ஒரு வெளுப்பு இருக்கும், தொட்டவுடன் மறையும்.

மூட்டம் ஏன் இப்படி நிறமே இல்லாமல் எல்லாவற்றையும் மூடுகிறது என்பதற்கும் பட்டை உதவியது. காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மிகச் சின்னவை. அவை நீலத்தைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கும், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் என்பது ராலே என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. அதனால்தான் வானமும் நீலம், தூரத்து மலையும் நீலம். மூட்டத்தில் இருக்கும் நீர்த்துளிகளோ ஒளியலையைவிடப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும், அதனால் வெள்ளை. பட்டையில் இரண்டும் வெவ்வேறாகத் தெரியும். மூட்டம் இல்லாத மதியத்தில் எதிர்மலை வரிசைகள் பச்சையிலிருந்து நீலத்துக்கு நகரும். மூட்டம் வரும் மதியத்தில் அதே வரிசைகள் பச்சையிலிருந்து நேராக வெள்ளைக்குப் போகும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உயரத்தை வைத்துக்கொண்டு அகலத்தைச் சுருக்கிக் காலத்தை வரிசையாக அடுக்குவது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் ஊரிலேயே நூறு வருடத்துக்கு மேல் அதற்கு வேண்டிய படம் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். 1899ல் சென்னையிலிருந்து இங்கே வந்த சூரிய ஆய்வகம், கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, 1904லிருந்து சூரியனைக் கால்சியத்தின் ஊதா ஒளியில் நாள்தோறும் படம் எடுத்து வந்தது. 2007 வரைக்கும் அந்தப் படங்கள் இருக்கின்றன. 1909ல் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று நிறமாலைக் கோடுகளின் இம்மியளவு நகர்வை வைத்துச் சொன்னதும் இதே இடத்தில்தான்.

அந்தப் படங்களை எடுத்த கருவியின் பெயர் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப். அது சூரியனை ஒரே கிளிக்கில் எடுக்காது. சூரியனின் பிம்பம் ஒரு மெல்லிய பிளவின்மேல் விழும், அந்தப் பிளவு வழியாக ஒரு கோடு மட்டும் உள்ளே போகும், அது நிறங்களாகப் பிரியும், அதில் வேண்டிய ஒரே அலைநீளத்தை இரண்டாவது பிளவு வெளியே விடும், அது தகட்டில் பதியும். பிம்பம் பிளவைக் கடந்து நகர நகர, கோடு கோடாக முழுச் சூரியனும் தகட்டில் சேரும். ஓட்டப் பந்தயத்தில் யார் முதலில் எல்லையைத் தொட்டார்கள் என்று பார்க்கும் போட்டோஃபினிஷ் கேமராவும் பிளவு வழியாகத்தான் எடுக்கிறது, அந்தப் படத்தில் அகலம் என்பது இடமே இல்லை, நேரம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வண்ணத்துப்பூச்சி வரைபடம். இங்கிலாந்தில் ஆனி மாண்டர், வால்டர் மாண்டர் என்ற வானியலாளர் தம்பதி 1904ல் வரைந்தது. சூரியப் புள்ளிகள் எந்த அட்சரேகையில் தோன்றின என்று மட்டும் குறித்துக்கொண்டு, எந்தத் தீர்க்கரேகை என்பதைக் கண்டுகொள்ளாமல், காலவரிசையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார்கள். சூரியனின் அகலத்தைக் கரைத்துவிட்டு உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும். ஒவ்வொரு 11 வருடச் சுற்றிலும் புள்ளிகள் நடுக்கோட்டுக்கு வெகு தொலைவில் வடக்கிலும் தெற்கிலும் தொடங்கி, வருடம் போகப் போக நடுக்கோட்டை நோக்கி நெருங்குவது அதில் சிறகு விரித்த மாதிரி தெரிந்தது. மொத்தம் எத்தனை புள்ளி என்று ஒரே எண்ணாக வைத்திருந்தால் ஏறி இறங்கும் அலை ஒன்று மட்டும்தான் கிடைத்திருக்கும். அந்த 11 வருட ஏற்ற இறக்கம் மாண்டர்களுக்கு வெகு காலம் முன்பே தெரிந்ததுதான். புள்ளிகள் தோன்றும் இடம் நகர்கிறது என்பதைக் கண்ணுக்கு எதிரே கொண்டுவந்தது உயரம். நம் ஊர் ஆய்வகத்தின் கால்சியப் படங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் போட்டு, நூறு வருடத்துக்கான வண்ணத்துப்பூச்சி வரைபடத்தை 2016ல் வெளியிட்டார்கள். அதைப் பார்த்தபோது, என் ஜன்னல் மூட்டத்துக்கு நான் செய்வதும் இதே வேலை என்று தோன்றியது. அன்றிலிருந்து ஒரே நிறச் சராசரியைத் தொடுவதில்லை.

சரி, மொபைலைக் கட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்துவிடுங்கள். அதன் அடிப்படை முறைகளில் ஒன்று, எந்தக் காட்சியானாலும் அதன் எல்லா நிறங்களையும் சராசரி எடுத்தால் சாம்பல் வர வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். வரவில்லை என்றால் சாம்பல் வரும்வரை நிறங்களைத் திருத்தும். யோசித்துப் பாருங்கள்: நாம் அளக்க நினைப்பதே காட்சியின் சராசரி நிறத்தை, கேமராவோ அந்தச் சராசரியைச் சாம்பலாக்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருக்கிறது. விடியற்காலை நீலத்தையும் அந்தி மஞ்சளையும் அது நமக்கு முன்னாலேயே துடைத்துவிடும். வெளிச்சத்துக்கும் இதே கதை. ஆட்டோ எக்ஸ்போஷர் எல்லாக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுக்கும், அதனால் மூட்டம் வந்து வெளுத்தால் அது படத்தை இருட்டாக்கும். ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வின் என்று நிறுத்திப் பூட்டிவிடலாம், பகல் வெளிச்சத்துக்கு அது பொருந்தும். எக்ஸ்போஷரைப் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இரவில் எனக்கு வேண்டியது அதிகமில்லை, ஊர்த் தெருவிளக்குகளின் வரிசை ஒரு வெள்ளை வரியாக ஓடினால் போதும். எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் அதிக வீச்சில் பதியும் முறை) இருந்தால் அதையும் அணையுங்கள், பல ஸ்கிரிப்டுகள் அந்த வீடியோவைச் சரியாகப் படிக்காமல் வெளிறிப்போன நிறங்களைக் கொடுக்கும்.

சராசரி எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஃபைலில் இருக்கும் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை. 255 என்பது முழு வெளிச்சம் என்றால் 128 பாதி வெளிச்சம் இல்லை, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பாதி வெளிச்சத்துக்கான எண் 188. கருப்பும் வெள்ளையும் சரிபாதியாக இருக்கும் ஒரு சதுரங்கப் பலகையைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் சாம்பல் 188க்குப் பக்கத்தில் இருக்கும், எண்களை அப்படியே கூட்டி வகுத்தால் வருவது 128, ரொம்ப இருட்டு. சோலைக்காட்டுக் கருமையும் மூட்டத்து வெள்ளையும் ஒரே வரிசையில் கலந்திருக்கும் மலைக் காட்சிக்கு இது நன்றாகவே தெரியும். ஆகவே ஒவ்வொரு எண்ணையும் 255 ஆல் வகுத்து, 2.2 அடுக்குக்கு உயர்த்தி, அதற்கப்புறம் சராசரி எடுத்து, விடையைத் திரும்ப 1/2.2 அடுக்குக்கு இறக்கிக் கொள்ளுங்கள். வழக்கமான நிற அளவுமுறையான எஸ்ஆர்ஜிபியின் துல்லியமான சூத்திரம் கொஞ்சம் நீளம். இந்தக் குறுக்குவழி இந்த வேலைக்குப் போதும். முதல் தடவை இப்படிச் செய்து பார்த்தபோது அழுக்குப் பழுப்பாக இருந்த காலை வேளைகள் எல்லாம் வெளுத்துச் சுத்தமாக வந்தன.

நிறத்தை ஹியூ என்ற கோணமாக, அதாவது நிறவட்டத்தில் அது இருக்கும் இடமாக, மாற்றி அதைச் சராசரி எடுக்க நினைப்பவர்களுக்கு: அது வட்டம். 359 பாகையும் சிவப்பு, 1 பாகையும் சிவப்பு, கூட்டி இரண்டால் வகுத்தால் 180, அது நீலப்பச்சை. குங்குமம் முழுக்கக் கடல் நிறமாகிவிடும். சராசரிக்குப் பதிலாகக் கேமீன்ஸ் (ஒத்த நிறங்களைக் குழுக்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டு ஒரு ஃப்ரேமின் முக்கியமான நான்கைந்து நிறங்களை எடுப்பதும் உண்டு, சினிமாவுக்கு அது நன்றாக இருக்கும், ஒரு காட்சியின் வண்ணத் தேர்வு தெரியும். மலைக்கு எனக்கு அது வேண்டாம். எந்த நிறம் எவ்வளவு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது.

பூமியின் வெப்பநிலையை நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் கோடுகளாகக் காட்டும் பட்டைகளைப் பலர் பார்த்திருப்பீர்கள், எட் ஹாக்கின்ஸ் என்ற பருவநிலை விஞ்ஞானி 2018ல் செய்தது. பார்வைக்கு இதே மாதிரிதான். ஆனால் அதில் நிறம் ஒரு எண்ணுக்குப் பதிலாக நிற்கிறது, வருடத்துக்கு ஒரு கோடு. நம் பட்டையில் நிறம் நிறமாகவே இருக்கிறது, அதனால் அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்குத்தான் இது முதலில் புரிந்தது என்று சொல்லலாம். பூண்டும் பீன்ஸும் போடுகிறார், இந்தச் சரிவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு வாரத்துப் பட்டைகளைப் பிரிண்ட் போட்டு அவரிடம் காட்டினேன். மேலே வானம், நடுவில் பள்ளம், கீழே உங்கள் தோட்டம், இடது ஓரம் நடுராத்திரி, நடுவில் உச்சிவேளை என்று மட்டும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரலை வைத்து நகர்த்தினார்.

"இது கீழயிருந்து ஏறுனது மாப்ள. இது மேலயிருந்து எறங்குனது. இந்தா, இது ரெண்டு பக்கமும் வந்து கட்டிக்கிச்சு" என்றார். அப்புறம் ஒரு நாள் பட்டையில் விரலை நிறுத்தினார். "இன்னிக்குத்தான மருந்து அடிச்சோம்?"

தேதியைப் பார்த்தேன், ஆமாம் என்றேன்.

"பாரு, பன்னெண்டரைக்கெல்லாம் பள்ளத்துல வெள்ள விழுந்திருச்சு. நான் ஒரு மணி வரைக்கும் அடிச்சுக்கிட்டு இருக்கேன். இலையில ஈரம் ஏறுனா மருந்து எங்க நிக்கும்? இத அன்னன்னைக்கே பாக்க முடியுமா?"

முடியும் மாமா என்றேன். நிமிடத்துக்கு ஒரு கோடு சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது, அன்றன்றைக்குப் பார்க்கத் தடையில்லை. இப்போது அவர் மகனின் மொபைலுக்குப் பகலில் அரைமணிக்கு ஒரு தடவை அதுவரையான பட்டை போகிறது. அவர்கள் வீட்டிலிருந்து பள்ளத்தாக்கு தெரியாது, நடுவில் ஒரு சவுக்குத் தோப்பு மறைக்கிறது. நடு வரிசைகளில் வெள்ளை தொடங்கிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். இது வானிலைக் கணிப்பு எல்லாம் இல்லை, ஜன்னலில் தெரிவது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்கு ஒரே நிறச் சராசரி எந்தப் பதிலும் சொல்லியிருக்காது. பள்ளத்தாக்கு வெளுக்கத் தொடங்கும் அந்த அரைமணி நேரத்தில் முழு ஃப்ரேமின் சராசரி அசைவதே கண்ணுக்குத் தெரியாது, படத்தில் அது அவ்வளவு சின்ன இடம்.

இனி குறிஞ்சி. 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது, கணக்குப்படி அடுத்தது 2030. மலைச்சரிவு பச்சையிலிருந்து ஊதாநீலத்துக்கு மாறுவதைப் பூத்த பிறகு வந்து பார்க்கிறோம், போட்டோ எடுக்கிறோம். பூப்பு ஒரு சரிவில் கீழிருந்து மேலே ஏறுகிறதா, மேலிருந்து கீழே இறங்குகிறதா, எல்லா உயரத்திலும் ஒன்றாக வருகிறதா என்பதை ஒரே கேமரா, ஒரே இடம், பூட்டிய ஒயிட் பேலன்ஸ் என்று விடாமல் பார்த்தால் பட்டை காட்டிவிடும். என் ஜன்னலுக்கு எதிரே குறிஞ்சி கிடையாது, தோட்டமும் சவுக்கும்தான். குறிஞ்சிச் சரிவு நேராகத் தெரியும் ஒரு வீடு வேண்டும், மின்சாரம் இருக்க வேண்டும், ஜன்னலை யாரும் மறைக்கக் கூடாது.

இடம் பிடிக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு என்றால் நாளைக்கு 288, வருடத்துக்கு 1,05,120 கோடுகள். ஒரு கோட்டுக்கு 3,240 பைட். எந்தச் சுருக்கமும் செய்யாமல் ஒரு வருடத்துக்கு 340 எம்பி வருகிறது. ஒரு முழுக் குறிஞ்சிச் சுற்று, 12 வருடம், 4 ஜிபியும் கொஞ்சமும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் அப்படி ஒரு ஜன்னல் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், மொபைலும் ஸ்கிரிப்டும் பென்டிரைவும் நான் கொண்டுவருகிறேன்.